ஷாஹினா நடக்காமல் விட்ட மாதங்கள்

சாய்ந்தமருதுக் கடற்கரை றோட்டில் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு ஒரு பெண் தனியாக நடந்து போனால் அதை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கரைவலைக்காரர்கள் பார்ப்பார்கள். சைக்கிளில் பேக்கரிப் பாண் கொண்டு போகிறவர் பார்ப்பார். அவர்களால் ஒரு தொல்லையும் இல்லை, பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டில் போய்விடுவார்கள். ஜன்னல் சீலையை ஒதுக்கிவிட்டுப் பார்க்கிற பெண்டுகள் இருக்கிறார்களே, அவர்கள்தான் பார்த்ததோடு நிற்கமாட்டார்கள்.

"வேல செய்யிற எண்டா கை நோவாம். காத்து வாங்கப் போறதுக்கு மட்டும் கால் நல்லாத்தான் ஓடுது."

"தொழுறதுக்குக் கதிர வேணும் அவக்கு. கடக்கரைக்கிப் போறதுக்குக் கதிர வேணாவாம்கா."

ஷாஹினாவின் உடம்பு வருத்தத்தைப் பற்றி ஊர் இப்படித்தான் முடிவு செய்து வைத்திருந்தது. குனிந்து நெற்றி நிலத்தில் பட சுஜூது செய்ய முடியாமல் கதிரையில் இருந்து தொழுகிறவள் நடப்பாளா, நடக்கிறவள் ஏன் குனியமாட்டாள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? முழங்கால் மடிந்தால் ஒரு நோவு, நேராக நடந்தால் வேறு ஒரு கதை என்று வீடு வீடாகப் போய் விளக்கிக்கொண்டா இருக்க முடியும்? அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள்.

ஷாஹினா யாரென்று சொல்லவில்லையே. கல்முனை பசாரில் சாரன் துணிக்கடை வைத்திருக்கிற அஸ்ஹரின் மனைவி. ஒரே மகள் ஹிமாயா. ஷாஹினாவின் கைச் சமையல் என்றால் அந்தத் தெருவே மூக்கை நீட்டும். பக்கத்து வீட்டில் கல்யாணம், கந்தூரி என்றால் அவள் வந்து உப்புப் பார்த்த பிறகுதான் சட்டியை இறக்குவார்கள். அப்படிப்பட்ட கை அது. அந்தக் கைக்குத்தான் வந்தது.

நாற்பது தாண்டிய புதிதில் ஒரு நாள் விடிய எழும்பித் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூச் செய்யப் போனவளுக்குக் குழாயைத் திறக்க முடியவில்லை. இரவு படுக்க முதல் அஸ்ஹர்தான் அவசரத்தில் இறுக்கிப் பூட்டிவிட்டார் என்று நினைத்தாள். அவரை எழுப்பி, "இப்பிடியா பூட்டுற? வீட்டுல பொம்புளயள் இரிக்கிற எண்டு தெரியாதா?" என்று சண்டைக்கே போய்விட்டாள். அவர் தூக்கக் கலக்கத்தோடு வந்து ஒரு விரலால் குழாயைத் திருப்பினார். தண்ணீர் வந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு எண்ணெய் தடவினார்கள். ஓதிய தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். குளிர் தண்ணீரில் கை வைக்காதே என்றார்கள், கத்தரிக்காய் தின்னாதே என்றார்கள். விரல் மூட்டுகள் வீங்கிச் சிவந்து, காலையில் போர்வையை விலக்கக்கூடக் கை வராமல் போன பிறகுதான் கல்முனையில் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார் அஸ்ஹர். மூட்டுவாதம் என்றார் டாக்டர். "வீட்டுக் காவலுக்கு நிக்கிறவனே வீட்ட உடைச்சா எப்பிடி இரிக்கும்? உங்கட உடம்பு இப்ப அதத்தான் செய்யிது" என்று விளங்கப்படுத்தினார். முற்றாகச் சுகமாகிற வருத்தம் இல்லை, அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை குடிக்கிற குளிசை, மாதாமாதம் இரத்தப் பரிசோதனை என்று அவளுடைய காலம் அதற்குப் பிறகு வேறாகிவிட்டது.

நோவைச் சொன்னால் பாதிப் பேராவது நம்புவார்கள். வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறதல்லவா? களைப்பை யார் நம்புவது? இரவு முழுக்கத் தூங்கி எழும்பிய பெண், ஒரு கறி ஆக்க முதல் சுவரில் சாய்ந்து நின்றால் சோம்பல் என்றுதான் சொல்வார்கள். உடம்பிலிருந்த இரத்தத்தையெல்லாம் யாரோ வடித்தெடுத்துவிட்டு வெறும் தோலை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும் அவளுக்கு. ஒரு உள்ளிப்பூடு உரிக்க உட்கார்ந்தால் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடுவாள்.

"உள்ளி உரிக்கவும் ஏலாம ஒரு களப்பா? உம்மோ!" என்பாள் றஹீமா.

றஹீமா அஸ்ஹரின் ராத்தா, கூடப் பிறந்த மூத்தவள். எதிர்ப்பக்கத்து ஒழுங்கையில் வீடு. புருசன் மவுத்தாகிப் பிள்ளைகளெல்லாம் கத்தாரில் இருப்பதால் அவளுக்குக் கைநிறைய நேரம், வாய்நிறையக் கதை. கெட்ட மனுசி என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஒருவருக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக ஓடி வருவாள். ஓடி வந்து செய்ததை ஊருக்குச் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது, அதுதான் கரைச்சல்.

வருத்தம் வந்த இரண்டாம் வருட நோன்பு மாதத்தில் ஷாஹினா படுக்கையில் விழுந்துவிட்டாள். கை, கால், தோள் எல்லாம் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. ஹிமாயாவுக்கு அப்போது கம்பஸ் பரீட்சை, ஹொஸ்டலில் இருந்தாள். றஹீமாதான் வந்தாள். தூக்கினாள், துடைத்தாள், கழுவிவிட்டாள். அல்லாஹ் அதற்குரிய கூலியை அவளுக்குக் கொடுக்கட்டும். ஆனால் அந்த வாரமே தராவீஹ் தொழுகைக்குக் கூடிய பெண்களுக்கு நடுவில் அவள் சொன்னது ஷாஹினாவின் காதுக்கு அப்படியே வந்து சேர்ந்தது.

"பாவம்கா அவள். இடுப்புக்குக் கீழ நான்தான் கழுவி விடுறன். சின்னப் புள்ளயக் கழுவுற மாதிரி."

ஷாஹினா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். கண்ணீரைத் துடைக்கவும் கை எழும்பவில்லை. நோவுக்காக அவள் அப்படி அழுததே இல்லை. அன்றைக்கு அல்லாஹ்விடம் அவள் சுகத்தைக் கேட்கவில்லை, ஆயுளையும் கேட்கவில்லை. என்னை என் கையாலேயே கழுவிக்கொள்ள வை, மவுத்தான பிறகு உயிர் போன மய்யித்தை யார் கழுவினாலும் பரவாயில்லை, அதுவரைக்கும் இன்னொரு கை என் மேல் படக்கூடாது. இதைத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

எழும்பி மறுபடி கிளினிக்குக்குப் போனபோதுதான் நிஹ்லாவைக் கண்டாள். மருதமுனைப் பிள்ளை. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்து மூட்டுகளைப் பழக்குகிற வேலை. பிசியோ மிஸ் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். ஷாஹினாவின் கையைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்துவிட்டு நிஹ்லா கேட்டாள்.

"ராத்தா, உங்களுக்கு என்ன செய்ய ஏலணும் எண்டு ஆச?"

இப்படி ஒரு கேள்வியை இதுவரைக்கும் ஒருவரும் கேட்டதில்லை. ஷாஹினா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நிஹ்லா சிரிக்கவில்லை.

"அதுக்கு விரல் மடியணும், மணிக்கட்டு திரும்பணும், தோள் பின்னுக்குப் போகணும், முழங்கால் எழும்பி இரிக்க விடணும். எல்லாத்துக்கும் பயிற்சி இரிக்கி. ஆனா ஒண்டு ராத்தா, இது வீரம் காட்டுற வேலயில்ல. நோவு கூடின நாள் கட்டில்ல இருந்துகொண்டே மூட்டுகள மெல்ல மடக்கி நீட்டுங்க, அது போதும். நல்ல நாளைக்கிக் கொஞ்சம் நடங்க. நல்லா இரிக்கி எண்டு ஓடித் திரிஞ்சீங்களெண்டா மற்ற நாள் படுத்துருவீங்க. களைக்க முதல் இரிங்க. கொஞ்சமாச் செய்யிங்க, ஆனா விட்டுறாதீங்க."

"மணலுல நடக்கவா மிஸ்?"

"மணல் வேணாம். கால் புதையும், முழங்காலுக்குக் கூடாது. றோட்டுல நடங்க."

அப்படித்தான் கடற்கரை றோட்டு வந்தது. விடிய எழும்பியதும் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கையை விட்டு விரல்களை மெல்ல மெல்ல மடக்குவாள். விறைப்புத் தளர்ந்ததும் மேசையில் உள்ளங்கையை வைத்து விரல்களை ஒவ்வொன்றாக உயர்த்துவாள். கதிரையில் இருந்துகொண்டே தோளைச் சுழற்றுவாள். பிறகு நடை. முதலில் வாசல் லைட் போஸ்ட் வரைக்கும். பிறகு பள்ளிவாசல் முடுக்கு. பிறகு தோணிகளை இழுத்துப் போட்டிருக்கிற இடம். அங்கே கவிழ்த்துப் போட்ட ஒரு தோணியின் மேல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வருவாள். முடியாத நாளில் லைட் போஸ்டோடு நின்று திரும்புவாள், அதற்காக மனம் சோர்வதில்லை.

மாதங்கள் போன பிறகு ஒரு நாள் குழாய் அவள் கைக்குத் திரும்பியது. திறந்தாள், பூட்டினாள், திறந்தாள். "தண்ணி வீணாப் போகுது புள்ள!" என்று உள்ளே இருந்து அஸ்ஹர் சத்தம் போடுகிற வரைக்கும் திறந்து திறந்து பூட்டினாள். நோவு போகவில்லை, களைப்பும் போகவில்லை. ஆனால் தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துத் தன் தேவையைத் தானே முடித்துக்கொண்டு வெளியே வருகிற ஒவ்வொரு முறையும் அவள் வாயில் தானாகவே அல்ஹம்துலில்லாஹ் வந்தது.

இந்த நடையைத்தான் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்றவர்கள் காத்து வாங்கப் போகிறாள் என்றார்கள்.

ஹிமாயா படித்து முடித்து வீட்டுக்கு வந்த வருடம் சம்மாந்துறையிலிருந்து ஒரு சம்மந்தம் வந்தது. பொடியன் பெயர் ஸஹீத். கல்முனையில் ஒரு அரச கந்தோரில் வேலை, வேலை நாட்களில் தங்கலும் இந்தப் பக்கம்தான். வாப்பாவுக்கு வயல் இருக்கிறது. ஹிமாயாவுக்குப் பிடித்துப்போனது. அவள் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற நேரம் கூடியதை உம்மாவுக்குத் தெரியாதா?

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். வீடு மகளுக்குச் சீதனம். உம்மாவும் வாப்பாவும் பின்னறைக்குப் போய்விட வேண்டும். வந்த மாப்பிள்ளைக்கு வாய்க்கு ருசியாக ஆக்கிப் போடுவது மாமியின் கடமை, அதுவும் புது மாப்பிள்ளை என்றால் வேளைக்கு ஒரு வகை. மாமி ஆக்குவாள், ஆனால் மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்று கதைக்கமாட்டாள். கதவுச் சீலைக்கு இந்தப் பக்கம்தான் அவள். இந்தக் காலத்தில் இதெல்லாம் எவ்வளவோ தளர்ந்துவிட்டது, ஆனாலும் ஷாஹினா போன்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முதல் தரம் வந்தபோது ஸஹீதின் உம்மா பேச்சோடு பேச்சாக ஒரு வார்த்தை கேட்டார். "எங்கட மகன் சாப்பாட்டுல கொஞ்சம் பாப்பாரு. ஆக்கிக் குடுக்க உம்மா இரிக்கிதானே?"

அவர்கள் போனதும் றஹீமா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டீங்களா? அந்த மனுசி சும்மா கேக்கல்ல. உம்மா வருத்தக்காரி எண்டு தெரிஞ்சா இந்தச் சம்மந்தம் இரிக்காது. ஆக்கிப் போட ஆளில்ல எண்டுவாங்க. மறுகா, இந்த வருத்தம் மகளுக்கும் வரும் எண்டுவாங்க. கைமுடங்கின குடும்பம் எண்டு பேர் வந்தா ஹிமாயாவ ஆரு முடிக்கிற?"

"அதுக்கு என்ன செய்யச் செல்றீங்க ராத்தா?" என்றார் அஸ்ஹர்.

"நிக்காஹ் முடியும் மட்டும் இவ கடக்கரையில நடக்கப்படா. எல்லாருட கண்ணும் அங்கதான். என்னத்துக்கு நடக்கிற எண்டு ஒருத்தர் கேட்டா மற்றவர் செல்லுவார். கிளினிக்குக்கும் போகப்படா. சம்மாந்துற ஆக்கள் முழுக்க அங்கத்த வாங்குலதான் வரிசையா இரிக்காங்க. தொழுறதும் அறைக்குள்ள, கதிரய வெளிய போடப்படா."

"மதினி, நான் நடக்காட்டிப் பூட்டிப் போயிரும்" என்றாள் ஷாஹினா.

"ஒங்கட நட பெருசா, மகள்ர வாழ்க்க பெருசா?"

அஸ்ஹர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு ஷாஹினாவின் மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் ராத்தாவுக்கு எதிராக ஒரு சொல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ஷாஹினா மகளைப் பார்த்தாள். உம்மாவுக்காக இவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தாள், பெற்ற மனம்தானே.

"கொஞ்ச காலம்தானே உம்மா" என்றாள் ஹிமாயா. "எனக்காக."

இதற்கு மேல் என்ன இருக்கிறது? ஷாஹினா சரி என்றாள். வீட்டுக்குள்ளேயே ஏதாவது செய்து சமாளிக்கலாம் என்று நினைத்தாள். மடத்தனம்! கல்யாண வீட்டில் ஒருவருக்குத் தனிமை கிடைத்ததை யாராவது கண்டிருக்கிறீர்களா? பெயின்ற் அடிக்கிறவர்கள் வந்தார்கள், தளபாடம் வந்தது, சொந்தம் வந்தது, சொந்தத்தின் சொந்தம் வந்தது. ஒரு நாள் மேசையில் உள்ளங்கையை வைத்து அவள் விரல்களை உயர்த்திக்கொண்டிருந்தபோது றஹீமா யாரோ இரண்டு பெண்களோடு உள்ளே வந்துவிட்டாள். அன்றைக்கு முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, அவர்கள் போன பிறகு பல்லைக் கடித்தாள்.

"என்னகா இது, மேசையில வெரலாட்டிக்கொண்டு? பாக்கிறவங்க என்னண்டு நினைப்பாங்க? புத்தி சரியில்ல எண்டு அதையும் சேத்துச் செல்லட்டுமா?"

அதற்குப் பிறகு அதுவும் நின்றது. கிளினிக் தவறியது. அஸ்ஹர் தனியாகப் போய் மருந்தைக் கேட்டுப் பார்த்தார். இரத்தம் பார்க்காமல் அந்தக் குளிசையைக் கொடுக்க முடியாது, ஆளைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. அவர் வருகிற வழியில் நோவுக் குளிசை வாங்கிக்கொண்டு வந்தார். நிஹ்லா போன் எடுத்தாள். போன் றஹீமாவின் கையில் இருந்தது.

"ஷாஹினா கொழும்புக்குப் போயிரிக்கா மிஸ். மகள்ர கலியாணச் சாமான் எடுக்க. நல்ல சுகம். ஓம், ஓம், நல்லா நடக்கிறா."

ஷாஹினா அதைக் கேட்டுக்கொண்டு கட்டிலில்தான் கிடந்தாள்.

நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, வீங்கிச் சிவந்த விரல் மூட்டுகளை என்ன செய்வது என்று றஹீமாவுக்கு ஒரு யோசனை வந்தது. மருதோண்டி அரைத்து விரல்களின் நடுமூட்டுத் தாண்டித் தொப்பி மாதிரி அப்பிவிட்டாள். சிவப்போடு சிவப்பாகப் போய்விடும் என்று. "பாருங்க, ஆருக்குத் தெரியும்?" என்று பெருமை வேறு. ஸஹீதின் உம்மா ஸலாம் சொல்லி ஷாஹினாவின் கையை எடுத்தார். நோவு உச்சிக்கு ஏறும் என்று ஷாஹினா மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அந்த மனுசி கையை அழுத்தவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் கீழிருந்து தாங்கி எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, ஷாஹினாவின் மடியிலேயே மெதுவாகத் திருப்பி வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஷாஹினா தப்பித்தோம் என்று நினைத்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அவளால் எழும்பி நிற்க முடியவில்லை. தனியாக டிஸ்பென்சரி வைத்திருந்த ஒரு டாக்டரிடம் றஹீமா கூட்டிக்கொண்டு போய் ஊசி போடுவித்தாள். அந்த ஊசி என்ன ஊசியோ, இரவுக்குள் கை கால் எல்லாம் யாரோ கட்டவிழ்த்துவிட்டது போல ஆகிவிட்டது. விடிய எழும்பினாள், ஓடினாள், சட்டியைக் கிளறினாள், வட்டிலப்பம் வைத்தாள், வந்தவர்களைக் கவனித்தாள். உட்காரவே இல்லை. களைக்க முதல் இரி என்று நிஹ்லா சொன்னது நினைவில் வந்துபோனது. களைப்பே வரவில்லையே, எப்போது இருப்பது?

"பாத்தீங்களா?" றஹீமா பெண்களுக்கு நடுவில் சொன்னாள். "மனசு வச்சா எல்லாம் ஏலும். அந்தப் பிசியோவும் கிசியோவும்தான் இவள வருத்தக்காரியாக்கி வச்சது."

எல்லோரும் ஓம் என்றார்கள். ஏன் மறைப்பான், அன்றைக்கு ஷாஹினாவுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை காலம் நான் சோம்பித்தான் இருந்தேனா, நோவை நானாகத்தான் பெரிதாக்கினேனா என்று நினைத்தாள். ஊர் சொன்னதை அவளும் நம்பிய நாள் அந்த ஒரு நாள்தான்.

ஊசி எவ்வளவு காலத்துக்குத் தாங்கும்? புது மாப்பிள்ளை விருந்து தொடங்கி ஒரு கிழமை போகவில்லை, பிடித்துக்கொண்டது. இதற்கு முன் வந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை என்று ஆக்குகிற பிடி. தோள் எழும்பவில்லை. முழங்கால் பானை மாதிரி வீங்கிவிட்டது. வலது கையின் சின்ன விரல்கள் இரண்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. அவள் இப்போது பின்னறையில் கிடந்தாள், வீடுதான் மகளுடையதாகிவிட்டதே. கதிரை மாதிரி உட்காருகிற கக்கூஸ் முன்னறையோடு சேர்ந்தது, அது மகளுக்கும் மருமகனுக்கும். பின்பக்கத்தில் இருப்பது குந்தி இருக்கிற கக்கூஸ். குந்துவதற்கு அவளுக்கு முழங்கால் ஏது? மருமகன் இருக்கிற அறைக்குள்ளால் மாமி வாளியும் கையுமாகப் போய்வருவதா? அதை அவள் செத்தாலும் செய்யமாட்டாள்.

அதனால் றஹீமா வாளியோடு வந்தாள்.

"ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. நான் இரிக்கன்தானே? மற்றப் பக்கம் திரும்புங்க."

ஷாஹினா கண்ணை மூடிக்கொண்டாள். கோப்பை வாளியில் முட்டுகிற சத்தம் கேட்டது. இது முடிந்ததும் மதினி எந்த வீட்டு வாசலில் முதலில் போய் நிற்பாள் என்று அவளுக்குத் தெரியும். முந்தி இது வந்தபோது வருத்தம் தானாக வந்தது. இந்தத் தரம் தானே வாசலைத் திறந்து உள்ளே விட்டேன் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மருமகனிடம் மாமிக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தார்கள். சாப்பாடு றஹீமா வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. ஒரு பின்நேரம் ஸஹீத் கந்தோரால் வந்து கூடத்துக் கதிரையில் இருந்தபடி ஹிமாயாவிடம் கதைத்தது, சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்த ஷாஹினாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"மாமி ஏன் இப்ப நடக்கப் போறல்ல?"

ஹிமாயா மேசையில் தேத்தண்ணியை வைக்கிற சத்தம் வந்தது. ஸஹீத் தொடர்ந்து சொன்னான்.

"நான் பொடியன்மாரோட கடக்கரைப் பக்கம் றூம் எடுத்து இருந்தநான்தானே, காலையில ஓடப் போகக்குள்ள ஒவ்வொரு நாளும் காணுவன். மெல்ல மெல்ல வருவாங்க, அந்தத் தோணியில இருப்பாங்க, போவாங்க. மூட்டுவாதம் எண்டு பாத்தாலே தெரியும். எங்கட உம்மாட தங்கச்சி, சாச்சிக்கும் அதுதான். அவ பயிற்சியும் செய்யல்ல, ஒண்டும் செய்யல்ல, இப்ப கட்டில்லயே கிடக்கா. நான் உம்மாக்கிட்ட இதச் செல்லித்தான் பொண்ணு கேட்டு வந்தநாங்க."

"உங்கட உம்மாக்குத் தெரியுமா?" ஹிமாயாவின் குரல் கிணற்றுக்குள்ளால் வருவது போல வந்தது.

"தெரியாமலா? சாச்சிய வச்சிப் பாக்கிறது அவதானே. கையப் பிடிச்சதுமே விளங்கியிற்றாம். நீங்க செல்லாததால கேக்கிறது மரியாதயில்ல எண்டு வாய மூடிக்கொண்டு இருந்தவ. ஆக்கிப் போடுறதெல்லாம் சும்மா கதைக்குக் கேட்டது. நான் றூமுல நானேதான் ஆக்கித் திண்டநான்."

ஷாஹினா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தெரியும். எல்லோருக்கும் தெரியும். யாருக்குத் தெரியக்கூடாது என்று தன் விரலைக் கோணலாக்கிக்கொண்டாளோ, அவர்களுக்கு முதலே தெரியும். அந்த மனுசி தன் கையைத் தாங்கி எடுத்து மடியில் வைத்தது இப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு ஒருவர், ஒரே ஒருவர் வாயைத் திறந்திருந்தால்! ஒருவரும் திறக்கவில்லை. அங்கேயும் மரியாதை, இங்கேயும் மரியாதை. இரண்டு மரியாதைக்கும் நடுவில் போனது அவளுடைய கை.

அடுத்த நாள் நிஹ்லா வீட்டுக்கு வந்தாள். ஸஹீத்தான் தேடிப் பிடித்து த்ரீவீலரில் கூட்டி வந்தான். கதவுச் சீலைக்கு வெளியே நின்று, "மாமி, மிஸ் வந்திரிக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு விலகிப் போனான். நிஹ்லா முன்பு போலவே கையைத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். சாய்ந்த இரண்டு விரல்களையும் தன் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஏசுவாள் என்று ஷாஹினா எதிர்பார்த்தாள், ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"கொழும்புக்குப் போனதா சென்னாங்க" என்றாள் நிஹ்லா.

"போகல்ல மிஸ்."

"ம்."

"இந்தக் கை பழையபடி வருமா மிஸ்?"

"வீக்கம் மருந்துக்கு வத்தும் ராத்தா. நாளைக்கே கிளினிக்குக்குப் போகணும். ஆனா சாஞ்ச ரெண்டு விரலும் நேராகாது. நான் பொய் செல்லப்படா. மிச்சம் இரிக்கிறத வச்சித்தான் பாக்கணும். முழங்கால் தணிஞ்சா எழும்பி இரிக்கப் பழகலாம். இப்ப கட்டில்லயே, விரல மட்டும். நோவுக்கு முதல் நிப்பாட்டுங்க."

"கோப்பயப் பிடிக்க ஏலுமா?"

நிஹ்லாவுக்கு அந்தக் கேள்வி எதைப் பற்றியது என்று தெரியும். அவள் ஷாஹினாவின் விரல்களைத் தன் விரல்களுக்குள் வைத்து மெல்ல மடக்கிப் பார்த்தாள். பெருவிரலும் சுட்டுவிரலும் பாதி வழி வந்தன. மற்றவை நின்ற இடத்திலேயே நின்றன.

"இடக் கையால பழகிப் பாப்பம்" என்றாள்.

நிஹ்லா போனாள். பின்நேரம் றஹீமா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கதவில் ஹிமாயா நின்றாள். "நீங்க போங்க மாமி, நான் பாக்கிறன்" என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். இந்த வார்த்தையை இந்தப் பிள்ளை அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே என்று ஷாஹினா நினைத்தாள்.

ஹிமாயா கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள். கல்யாண மருதோண்டி அவள் கையில் இன்னும் முற்றாக மங்கவில்லை. உம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து விம்மி விம்மி அழுதாள்.

"உம்மா, என்ன மன்னிச்சிருங்க உம்மா. எனக்குத் தெரியாமப் போச்சு. அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

ஷாஹினாவுக்கு மகளின் தலையைத் தடவ வேண்டும் போல இருந்தது. கை எழும்பவில்லை. எழும்பியிருந்தால் தடவியிருப்பாளா, அடித்திருப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"மன்னிச்சிற்றன் மகள். அழுதது போதும், தண்ணி ஆறப் போகுது. கழுவி விடு."